மடக்காத விரல்

போன் இன்னும் வரல. கெட்ட சேதின்னா இந்நேரம் ஓடி வந்திருக்கும், வரலன்னா நல்லதுதான், நீ உன் சோலியப் பாரு உலகம்மா. வைகாசி முடியப் போவுது. இன்னைக்கோ நாளைக்கோ செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து கிளம்பிரும், கிளம்பிட்டுன்னா இந்தத் தென்காசியில வாழை நிக்காது, முருங்கை நிக்காது, மாடியில கிடக்கிற தகரங்கூட நிக்காது. அதுக்குள்ள குலை தள்ளின வாழைக்கெல்லாம் முட்டுக் கொடுக்கணும், முருங்கைக் கொப்பை வெட்டி இறக்கணும், கோடையில காஞ்சு கிடக்கிற கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டு, சாரல் தண்ணி தேங்காம ஓடுததுக்கு வாய்க்கால் கீறி விடணும். வருஷா வருஷம் செய்யுத வேலைதான். ஆனா இன்னைக்குக் காத்தே இல்ல. பிச்சிக்கொடியில ஒரு இலை அசையல. காத்து வாரதுக்கு முந்தி இப்பிடித்தான் ஒரு நாள் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும், தெரியும், தெரிஞ்சும் என்னமோ தோட்டமே காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. எதைக் கேக்குது? நான் ஒண்ணும் பேசலையே. மம்பட்டி சத்தம் மட்டுந்தான். போனைத் துவைக்கிற கல்லு மேல கவுத்தி வச்சிருக்கேன், நிமித்தி வச்சா கண்ணு அங்கயே போவுது. எம் மக செம்பாவும் மாப்பிள்ளையும் காலையிலயே திருநெல்வேலிக்குக் கார்ல போயாச்சு. நானும் வாரேன்னு செருப்பை மாட்டிட்டேன். அவதான் வாசப்படியில நின்னுக்கிட்டு, "மூணு பேரா எப்பிடிம்மா போவ? போனா காரியம் விளங்காதுன்னு நீதான சொல்லுவ" அப்படின்னா. கம்ப்யூட்டர் படிச்சவ, இதெல்லாம் கேலிக்குத்தான் சொல்லுவா, சொல்லிட்டுச் சிரிப்பா. இன்னைக்குச் சிரிக்கல. மாப்பிள்ளை நெல்லையப்பன் பாவம் கார் சாவியைக் கையில உருட்டிக்கிட்டே, "ஸ்கேன் பாத்த உடனே போன் அடிக்கேன் அத்தை, நீங்க பதறாம இருங்க"ன்னார். பதறாம இருக்கணுமாம்! ஆறு மாசத்துப் புள்ளை ராத்திரியில இருந்து வயித்துக்குள்ள ஒரு தட்டுத் தட்டல, ஒரு புரளு புரளல, நான் பதறாம இருக்கணும். ஏற்கெனவே ரெண்டு தங்காமப் போச்சு அவளுக்கு. மத்தியானம் ஒரு மெசேஜ் வந்துது, டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க, காத்துக்கிட்டு இருக்கோம்னு. அதோட சரி. நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காத்து, காத்து. ரெண்டுக்கும் ஒரே சவத்து வார்த்தை.

முதல் வாழைக்குக் கம்பை ஊணியாச்சு. கவட்டைக் கம்பை அதோட கழுத்துல கொடுத்து, கயித்தைக் கட்டி இழுத்துப் பார்த்தேன், நல்லா நிக்குது. குலை தள்ளின வாழைக்கு அதுக்கு மேல ஆயுசு கிடையாது, குலையை வெட்டின கையோட அதையும் வெட்டிரணும், அதுவரைக்கும் விழாம இருந்தாப் போதும். கயித்தை முடிச்சுப் போடும்போது பார்த்தா இந்த விரல், வலது கைச் சுட்டுவிரல், முடிச்சுல சேராம நீட்டிக்கிட்டு நிக்குது. மத்த விரலெல்லாம் வேலை பாக்கு, இது மட்டும் நிமிந்து நிக்கி. மடக்கினேன். எல்லாம் இந்த விரலால. இல்ல, சொல்லக்கூடாது, சொன்னா அதுவே உண்மையாயிரும். பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலை நீட்டிக் காட்டக்கூடாது, காட்டினா வெம்பிரும், இது எங்க ஊர்ல பல்லு முளைச்ச புள்ளைக்கெல்லாம் தெரியும். காட்டித்தான் ஆகணும்னா விரலை மடக்கி முட்டியால காட்டணும், இல்ல, அந்தா கிடக்கு பாருன்னு மோவாயால காட்டணும். தப்பித் தவறிக் காட்டிட்டா அப்பவே அந்த விரலை நறுக்குனு கடிச்சுத் தூன்னு துப்பிரணும், எங்கம்மா கூடவே நின்னு கடிக்க வைப்பா, வலிச்சாத்தான் கணக்குன்னுவா. இதெல்லாம் மூடப் பழக்கம், மகரந்தம் சேரலன்னா பிஞ்சு வெம்பும்னு நானே பள்ளிக்கூடத்துல போர்டுல படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவதான். அறிவியல் டீச்சர் உலகம்மாள். நீ எந்திரி, நீ சொல்லு, கடைசி பெஞ்சு, ஏய் உன்னத்தாம்லே, இந்த விரலை நீட்டி நீட்டியே சம்பளம் வாங்கினவ. எத்தனை புள்ளைகளைக் காட்டியிருக்கும் இந்த விரல், ஒருத்தனாவது வெம்பிப் போனானா? எல்லாம் நல்லாத்தான் இருக்கான், கல்யாணம் காட்சின்னு பத்திரிகை கொண்டாந்து வைக்கான். ஒருத்தனும் போகல. நினைச்சுப் பாக்கக் கூடாது, நினைச்சா எவனாவது ஒருத்தன் வந்து நிப்பான், மூணாவது வரிசையில, எண்ணெய் வடியுத தலையோட. வேண்டாம். பள்ளிக்கூடத்துல காட்டினதுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு வீட்டுல காட்டினதுதான். போன ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னைக்கு, மாப்பிள்ளை சோபாவுல பக்கத்துல உக்காந்து போன்ல படத்தைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமா, பழைய டிவியில மழைக்குப் புள்ளி விழுந்த மாதிரி. எனக்கு ஒண்ணும் விளங்கல. சந்தோசத்துல இருப்புக் கொள்ளல எனக்கு, கண்ணாடியைக் கூடத் தேடி எடுக்கல. தலை எங்க மாப்பிள்ளை, இதா, அப்படின்னு கேட்டுக்கிட்டே நீட்டிட்டேன். மடக்காம. நேரா. போன் திரையில விரல் பட்டுது, பட்டதும் படம் சட்டுனு பெருசாகி ஒரு முகம் என்கிட்ட வந்துது. நெத்தி, மூக்கு, வாய் மாதிரி ஒரு கறுப்பு. "ஆமாத்தை, கரெக்டாக் காட்டிட்டீங்களே, தலையேதான்"னு மாப்பிள்ளை கை தட்டுதார். அப்பவே கடிச்சுத் துப்பியிருக்கணும். பேங்க்ல வேலை பாக்கிற மாப்பிள்ளை முன்னால ரிட்டயர்டு டீச்சர் விரலைக் கடிச்சிக்கிட்டு நிப்பாளா? வெக்கம். முந்தானைக்குள்ள விரலை ஒளிச்சிக்கிட்டு, காப்பி போடுதேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அதுக்கப்புறந்தான் இங்க பிஞ்சு வெம்ப ஆரம்பிச்சுது. இல்ல, அதுக்கு முந்தியே ஒண்ணு ரெண்டு மஞ்சளாப் போய்க் கிடந்துது. எது முந்தி, ஸ்கேனா பிஞ்சா? நினைவு வரமாட்டேங்கு. நினைவு வந்தா நிம்மதியாயிரும்னு நினைச்சு நினைச்சுப் பாக்கேன், ஒவ்வொரு தரமும் வேற மாதிரி வருது. பூசணிக்கொடி மதிலோரமா பாதித் தோட்டத்துக்குப் படந்து கிடக்கு. சித்திரை வெயில்ல இலையெல்லாம் சாம்பல் பூத்து, காஞ்சு, மிதிச்சா அப்பளம் நொறுங்குத சத்தம். குனிஞ்சு ஒவ்வொரு பிஞ்சாத் தேடித் தேடிப் பறிச்சுக் கூடையில போடுதேன், முழங்கை வரைக்கும் இலைமுள்ளுச் சொணை அரிக்கு. எல்லாம் ஒரே மாதிரி. நுனியில பூ கறுத்து ஒட்டிக்கிட்டு, மேல மஞ்சள், கீழ கையை வச்சாக் கொழகொழன்னு. ஒரு வாடை, புளிச்ச மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரு வாடை. நான் ஒண்ணைக்கூடக் காட்டலையே, வச்ச நாள்ல இருந்து முட்டியாலதான காட்டினேன்? ஒருவேளை காட்டினது ஒரு இடத்துல, பட்டது ஒரு இடத்துலன்னு இருக்குமோ. இருந்தா நல்லதுதான். பூசணியோட போகட்டும். எல்லாப் பிஞ்சும் போகட்டும், அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போகட்டும். போன வாரம் செம்பா வயித்துல கையை வச்சிக்கிட்டு இங்கனதான் வந்து நின்னா. "ஏம்மா இப்பிடி மஞ்சளாப் போவுது, அந்தா அது, இந்தா இது"ன்னு அவளும் விரலை நீட்டிட்டா. "ஏளா, கையை மடக்குளா!"ன்னு நான் போட்ட சத்தத்துல காக்கா பறந்துட்டு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அப்புறம் சிரிக்கா. "நீ சயின்ஸ் டீச்சர்னு வெளியில சொல்லிராதம்மா." சிரிக்கும்போது என் கையைப் பிடிச்சு வயித்துல வச்சா. உள்ள இருந்து ஒரு இடி இடிச்சுது பாருங்க, இந்த விரல் மேலேயே. வேற எங்கயும் இடிக்கல. அன்னைக்கு எனக்குச் சந்தோசம்தான். இன்னைக்கு நினைச்சா என்னமோ அது இந்த விரலைத் தள்ளி விட்ட மாதிரி இருக்கு, எடு கையைன்னு.

"யக்கா!" மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம். ஆளு தெரியல, மதில் உசரம், ஆனா ரகுமத்து குரல்தான், பக்கத்து வீடு. "காத்து வரப் போவுதுல்லா, முட்டுக் கொடுத்தாச்சா?" பாதி கொடுத்தாச்சுன்னேன். "செம்பா போனாளே, சேதி வந்துச்சா?" வரல ரகுமத்துன்னேன். அவ பைய, "அல்லா விட மாட்டான் யக்கா. நல்ல சேதிதான் வரும். வந்தா மதிலைத் தட்டுங்க"ன்னா. தட்டுதேன்னேன். அவ போயிட்டாளா நிக்காளான்னு தெரியல. அந்தப் பக்கம் மூச்சு விடுத சத்தம் கேக்குத மாதிரி இருந்துது. "ரகுமத்து?"ன்னேன். சரி, ஆடு ஏதாவது நிக்கும்.

இலை அசையுது. காத்து இல்லாம, மதில் மூலையில, வாய்க்கால் ஓரமா, ஒரே ஒரு பூசணி இலை மட்டும் ஆடுது. ஓணானா இருக்கும், பூச்சி பொட்டாக்கூட இருக்கும், அதைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முருங்கைக் கொப்பு ஒண்ணை எடுத்து இலையை ஒதுக்கினேன். அம்மாடி! காய். பிஞ்சு இல்ல, காய், இடுப்புல வைக்கிற குடம் அளவுக்கு, கரும்பச்சையில வரி ஓடி, மேல வெள்ளைச் சாம்பல் பூத்து. நானும் தினம் இங்கனதான் தண்ணி விடுதேன், இந்த வாய்க்காலைத் தாண்டித்தான் சாணி கொண்டு வாரேன், ஒரு நாள்கூடக் கண்ணுல படல. எவ்வளவு நாளா இருக்கு? இங்கயேதான் இருந்திருக்கு, காஞ்ச இலைக்குள்ள, மண்ணுல பாதி புதைஞ்சு, நான் போறதையும் வாரதையும் பாத்துக்கிட்டு. யாரும் பாக்கல, யாரும் காட்டல, அதான் தப்பிச்சிருக்கு. உக்காந்தேன். கையை வைக்கலாமா வேண்டாமான்னு இருந்துது, கை தானாப் போயிட்டு. சுடுது. வெயில் அந்த மூலைக்கு வாரதே இல்ல, மதில் நிழல்தான் எப்பவும், ஆனா தோல் சுடுது, மேலுக்குச் சுகமில்லாத புள்ளை நெத்தி மாதிரி. விரல் முட்டியால பைய ஒரு தட்டுத் தட்டினேன். முத்தின காயின்னா டொம்முனு கேக்கும், கேட்டுது. காதை வச்சேன். ஒண்ணும் இல்ல. அப்புறம் இருந்துது. உள்ள இருந்து, ஒரு தட்டு. எடுக்கல நான் காதை. திருப்பியும் ஒண்ணு. என் நாடிதான், காதை எதுல அமுக்கினாலும் நாடி கேக்கும், தலையணையில கேக்கிற மாதிரி. என் நாடியாத்தான் இருக்கணும். ஆனா என் நெஞ்சு இப்ப ஓடுத ஓட்டம் என்ன, இது என்ன இவ்வளவு நிதானமா, அவசரமே இல்லாம. பயந்துட்டேன். பொய் சொல்லி என்ன, நல்லாப் பயந்துட்டேன். பயத்துல பின்னால சாயும்போது பார்க்கேன், கை நீளுது. வலது கை. இந்த விரல் நிமிருது, நான் நிமித்தல, அது பாட்டுக்கு அந்தக் காயைப் பாத்து நிமிருது. பட்டுனு வாயில வச்சுக் கடிச்சேன். மண்ணும் சொணையும் ரத்தமுமா வாயெல்லாம், தூன்னு துப்பினேன். அன்னைக்குச் செய்ய வேண்டியதை இன்னைக்குச் செஞ்சா செல்லுமாம்மான்னு எங்கம்மாவைக் கேட்டேன், செத்தவ எங்க பதில் சொல்ல. இலையை எல்லாம் திருப்பி இழுத்து அந்தக் காயை மூடினேன். நான் பாக்கல உன்னை. நீ அங்கன இல்ல. நான் ஒண்ணும் பாக்கல.

கையைக் கழுவத் தொட்டிக்கு வந்தேன். தண்ணி கறுப்பா, ஆடாம நிக்குது, மேல முருங்கைப் பூ ரெண்டு மிதக்கு, அதுவும் நகரல. போனை எடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. நம்பரை அமுக்கப் போய் நிறுத்தி, திருப்பிக் கல்லு மேலயே வச்சிட்டேன். அவ எடுத்து அழுதான்னா? எடுக்கவே இல்லன்னா? கெட்ட சேதிக்குக் கால் உண்டுன்னு சொன்னேனே, அது எங்க உண்டு, ஆஸ்பத்திரியில கெட்ட சேதியை யாரும் உடனே சொல்ல மாட்டாங்க, அதை எப்பிடிச் சொல்லன்னு வராந்தாவுல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பாங்க, எனக்குத் தெரியாதா, செம்பா அப்பா போன அன்னைக்கு அப்பிடித்தான் நின்னாங்க. இந்நேரம் மாப்பிள்ளை போனைக் கையில வச்சிக்கிட்டு அத்தைக்கு எப்பிடிச் சொல்லன்னு நிக்காரோ என்னமோ. வேண்டாம்யா, சொல்லாத, இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாத. தொட்டியில குனிஞ்சேன். தண்ணிக்குள்ள இருந்து ஒரு கிழவி பாக்கா. நரைச்ச முடி, சொணை அரிச்ச கன்னம், வாய் ஓரத்துல ரத்தம். யாரைக் கும்பிடன்னு தெரியல. என் பேரே எங்க ஊரு கோயில் அம்மன் உலகம்மை பேரு, அவளைக் கும்பிட்டிருக்கலாம், அந்த நேரம் எந்த சாமியும் ஞாபகத்துக்கு வரல. காட்டினது வெம்பித்தான் ஆகணும்னா, அதான் கணக்குன்னா, சரி. விரல் ஒண்ணுதான, காட்டுத இடத்தை மாத்தினாப் போச்சு. இந்தக் கிழவி முத்தின காய், இதுல ருசி இருக்கோ இல்லையோ விதை எல்லாம் போட்டாச்சு, இனிம இது கொடியில கிடந்து என்ன செய்யப் போவுது. இந்தா, இதை எடுத்துக்கோ. அதை விட்டுரு. வாய் விட்டே சொன்னேன், சொல்லிட்டு விரலை நீட்டினேன், மடக்காம, நேரா, தண்ணிக்குள்ள இருக்கிற என் மூஞ்சியைப் பாத்து. அவளும் நீட்டினா. உள்ள இருந்து அவ விரல் என் மூஞ்சிக்கு நேரா வந்துது, ரெண்டு விரல் நுனியும் தொட்டுது, தண்ணி சில்லுனு இருந்துது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். எனக்குச் சாவப் பயம்தான். யாருக்குத்தான் இல்ல. புள்ளையைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு, அதுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விடணும்னு இருக்கு. ஆனா கையை எடுக்கல. கல்லு மேல போன் நடுங்க ஆரம்பிச்சுது.

"அம்மா." செம்பா. அழுதாளா சிரிச்சாளா, அந்த ஒரு வார்த்தையில எனக்கு விளங்கல. "அம்மா, இருக்கும்மா. நல்லா இருக்கு. நெஞ்சுத் துடிப்பு நல்லா இருக்குன்னுட்டாங்க. கழுதை, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு நம்மளை எல்லாம் படுத்தியிருக்கு." நான் தொட்டிச் சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். அழுதேன், சத்தம் போட்டு அழுதேன், தாயே தாயேன்னு. இப்ப வாரா உலகம்மை ஞாபகத்துக்கு. ஏதோ சொல்லணும்னு, சாப்பிட்டியாளான்னு கேட்டேன். "சாப்பிடுதோம்மா, நீ இதைக் கேளு, டாக்டரம்மாவே சிரிச்சிட்டாங்க, ஸ்கேன்ல பாக்கும்போது கையை மூஞ்சிகிட்ட வச்சிருந்துச்சா, மெசினை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாங்க, அப்பிடியே எங்களைப் பாத்துத் திரும்பி ஒத்தை விரலை நீட்டுதும்மா! மத்த விரலெல்லாம் மூடியிருக்கு, இது மட்டும் நேரா, டீச்சர் மாதிரி. சரியான சுட்டி, வயித்துக்குள்ளயே சுட்டிக் காட்டுதுன்னு டாக்டரம்மா கேலி பண்ணுதாங்க. அப்பிடியே ஆச்சிதான்னு இவுக சொல்லுதாக. படம் அனுப்பியிருக்கோம் பாரு." நான் எப்பளா காட்டுச்சுன்னு கேட்டேன். "இப்பத்தாம்மா, உள்ள இருந்து வந்த உடனே உனக்குத்தான் அடிக்கேன். ஏன்?" ஒண்ணுமில்ல, பாத்து வாங்க, பைய ஓட்டச் சொல்லுன்னுட்டு வச்சேன். படம் வந்துது. இந்தத் தரம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டேன். கறுப்புக்குள்ள ஒரு வெள்ளைக் கை, அரிசி மணி மணியா எலும்பு, ஒத்தை விரல் மடங்காம நேரா. போனைச் சாச்சுப் பார்த்தேன், தூரத்துல பிடிச்சுப் பார்த்தேன், தலைகீழாத் திருப்பியும் பார்த்தேன். எப்பிடிப் பிடிச்சாலும் அது என்னையேதான் காட்டுது.

அப்பத்தான் காத்து வந்துது. கணவாய்ப் பக்கம் ஒரு இரைச்சல், முருங்கை ஒரு ஆட்டு ஆடிக் கொப்பு ஒண்ணு முறிஞ்சு விழுந்துது, காஞ்ச பூசணி இலையெல்லாம் எந்திரிச்சுத் தோட்டம் முழுக்க ஓடுது, மதில் மூலையில மூடி வச்ச இலையும் போயிட்டு, காய் வெட்டவெளிச்சமா உக்காந்திருக்கு. இருக்கட்டும். ரெண்டு சொட்டுச் சாரல் கன்னத்துல விழுந்துது, குளுகுளுன்னு. கையை ஓங்கி மதிலைத் தட்டினேன். "வந்துட்டா யக்கா?"ன்னு உடனே குரல், அவ்வளவு நேரமும் அங்கனயேதான் நின்னிருக்கா. "வந்துட்டு ரகுமத்து, நல்லா இருக்காம், சுட்டியாம்"னேன். அவ அல்லாவைக் கூப்பிட்டு அழுதா. நான் படத்தைத் திருப்பியும் ஒரு தரம் பார்த்தேன். சரிடா ராசா, சரிளா என் கண்ணு, எதுவா இருந்தாலும் சரி, பாத்துட்டேன், நான்தான், விளங்கிட்டு, விரலை மடக்கிக்கோ, கை வலிக்கும். நெஞ்சுக்குக் கீழ எங்கயோ லேசா ஒரு இழுப்பு இருந்துது, குனிஞ்சு நிமிந்த இழுப்பாவும் இருக்கலாம். இப்ப வைகாசி. புள்ளை புரட்டாசியில. நடுவுல ஆனி, ஆடி, ஆவணி, இந்தக் காத்து அத்தனையும் கிடக்கு. கடைசி வாழை ஆடிக்கிட்டு நிக்கி, கவட்டைக் கம்பை எடுத்துக்கிட்டுப் போனேன். புரட்டாசி வரைக்கும் நிக்கணும். முட்டுக் கொடுத்தாவது நிக்கணும்.